நீர்க்கடுப்பும் நடவு வயலும்

(ஊராட்சி உறுப்பினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் நிகழ்த்திய உரை)



விதை, எரு, வாய்க்கால், சாலை, தெருவிளக்கு என்று இத்தகைய கூட்டங்களில் பேசுவது வழக்கம். இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் அவற்றினின்றும் வேறானது. சபையில் வாய்விட்டுச் சொல்லத் தகாதது என்று சிலர் கருதக்கூடும். ஆயினும் கூச்சத்தின் காரணமாக எவரும் பேசாமல் விட்டதனாலேயே இவ்வியாதி நம் கிராமங்களில், முக்கியமாகப் பெண்மக்களிடையே, வேரூன்றி நிற்கிறது. நீர்க்கடுப்பு, நீர்ச்சுருக்கு, சூட்டுவலி என்று ஊருக்கு ஊர் பெயர் மாறினும் நோய் ஒன்றே. டாக்டர்கள் அதனைச் சிறுநீர்ப் பாதைத் தொற்று என்பர்.

சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், கழித்துவிட்டு வந்த ஐந்தாவது நிமிடத்தில் மீண்டும் போகவேண்டும் என்ற உந்துதல், போனால் சில துளிகளே வருதல், அடிவயிற்றில் வலி, நீர் கலங்கிச் சில வேளை நாற்றத்துடனோ இரத்தம் கலந்தோ வெளிப்படுதல். இவையே அதன் அறிகுறிகள். பெண்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு வாழ்நாளில் ஒரு முறையேனும் இது வருகிறது. ஒரு முறை வந்தவர்களில் பலருக்கு மறுபடியும் வருகிறது.

இதனைச் 'சூடு' என்று சொல்லிவிட்டு அமைதியடைவது நம்மவர் வழக்கம். அந்தச் சொல்லில் உண்மை அறவே இல்லையென்று நாம் கூறமாட்டோம். சித்திரை வெயிலில் களை பறித்தவர் போதிய நீர் பருகாவிடில் சிறுநீர் சுண்டி, அடர்ந்து, கழிக்கும்போது எரியத்தான் செய்யும். இரண்டு சொம்பு மோரோ நீராகாரமோ அருந்தி நிழலில் இருந்தால் அந்த எரிச்சல் அன்றே தணிந்துவிடும். ஆனால் நீர் பருகிய பின்னரும் மறுநாளும் எரிச்சல் நிற்கவில்லையெனில் அது வெயிலின் வேலையன்று, கிருமியின் வேலை. கால் பெருவிரலில் சுண்ணாம்பு தடவுவதும் தொப்புளில் விளக்கெண்ணெய் வைப்பதும் தீங்கற்ற செயல்களே. அவற்றால் கிருமி சாகாது என்பதும், அவற்றை நம்பிக் காத்திருக்கும் நான்கு நாட்களில் நோய் சிறுநீர்ப்பையிலிருந்து சிறுநீரகத்துக்கு ஏறிவிடக்கூடும் என்பதுமே நாம் அஞ்சவேண்டியவை.

கிருமி எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் நம் குடலிலிருந்தே. தியோடர் எஷெரிக் என்னும் குழந்தை வைத்தியர் 1885-ஆம் ஆண்டில் குழந்தைகளின் மலத்தை ஆராய்ந்து ஒரு கிருமியை விவரித்தார். அவர் பெயராலேயே அது எஷெரிக்கியா கோலை, சுருக்கமாக ஈ. கோலை, என வழங்கலாயிற்று. குடலில் இருக்கும் வரையில் அதன் பெரும்பாலான வகைகளால் நமக்குக் கேடில்லை. இடம் மாறிச் சிறுநீர்த் தாரைக்குள் நுழைந்துவிட்டால் அதுவே பகையாகிறது. நீர்க்கடுப்புகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு இந்த ஒரு கிருமியே காரணம்.

பெண்களுக்கு இந்நோய் மிகுதியாக வருவதற்கு அவர்தம் அசுத்தமோ ஒழுக்கக் குறைவோ காரணம் என்று எண்ணுவது அறியாமை. காரணம் உடலமைப்பே. ஆணுக்குச் சிறுநீர்த் தாரையின் நீளம் சுமார் 20 சென்டிமீட்டர். பெண்ணுக்கோ அது சுமார் 4 சென்டிமீட்டரே. ஒன்றரை அங்குலத்துக்குச் சற்று மேல். அதன் வாயிலும் ஆசனவாய்க்கு அண்மையில் உள்ளது. எட்டு அங்குலத் தொலைவைக் கடக்கவேண்டிய கிருமிக்கும் ஒன்றரை அங்குலத்தைக் கடக்கவேண்டிய கிருமிக்கும் உள்ள வேறுபாட்டை உழவர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. மருமகளுக்கு அடிக்கடி நீர்க்கடுப்பு வருகிறதென்றால் அவளைக் குறைகூறும் மாமியார்களும் கணவன்மார்களும் இந்த அளவை நினைவில் வைப்பது நலம்.

இயற்கை இதற்கு ஒரு காவலும் வைத்திருக்கிறது. நீரே அக்காவல். தேங்கிய குட்டையில் பாசி படர்கிறது. ஓடும் வாய்க்காலில் அவ்வளவாகப் படர்வதில்லை. சிறுநீர்ப்பையும் அவ்வாறே. உள்ளே நுழைந்த சில கிருமிகளை, அவை சுவரைப் பற்றிக்கொண்டு பெருகுமுன், ஒவ்வொரு முறை கழிக்கும் நீரும் அடித்துக்கொண்டு வெளியேறுகிறது. உகந்த சூழலில் ஈ. கோலைக் கிருமி சுமார் 20 நிமிடங்களுக்கு ஒரு முறை இரட்டிக்கும். அந்தக் கணக்கில் ஒன்று ஒரு மணி நேரத்தில் எட்டாகும்; இரண்டு மணி நேரத்தில் 64; நான்கு மணி நேரத்தில் 4,096. உடலுக்குள் இத்துணை வேகம் இராது என்பது மெய். எனினும் ஆறு மணி நேரம் அடக்கி வைப்பது என்றால் என்ன என்பதை இக்கணக்கு உணர்த்தும்.

மிகுதியாக நீர் பருகுவதால் உண்மையிலேயே பயன் உண்டா என்பதை அளந்தும் பார்த்திருக்கின்றனர். 2018-இல் வெளியான ஓர் ஆய்வு பல்கேரிய நாட்டில் நடைபெற்றது. அடிக்கடி நீர்க்கடுப்பு வருபவரும், நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டருக்குக் குறைவாகப் பருகுபவருமான 140 பெண்கள் அதில் சேர்ந்தனர். பாதிப் பேர் தம் வழக்கப்படியே இருந்தனர். மறுபாதியினர் நாள்தோறும் ஒன்றரை லிட்டர் நீரைக் கூடுதலாகப் பருகினர். பன்னிரண்டு மாதங்கள் கழிந்தபின் பார்த்தால், வழக்கப்படி இருந்தோருக்குச் சராசரியாக 3.2 முறை நோய் வந்திருந்தது; கூடுதலாகப் பருகியோருக்கு 1.7 முறையே வந்திருந்தது. மாத்திரையில்லை, ஊசியில்லை, வெறும் நீர்.

இவ்வளவு எளிய மருந்தை நம் பெண்மக்கள் ஏன் உட்கொள்ளவில்லை? இங்குதான் இப்பேச்சு வைத்தியரின் அறையை விட்டு ஊராட்சியின் மேசைக்கு வருகிறது.

காவிரிப் பாசனப் பகுதியில் மேட்டூர் அணை ஜூன் 12-ஆம் நாள் திறக்கப்படுவது மரபு. அதனையொட்டிக் குறுவை நடவு. பின்னர் சம்பா நடவு. நடவுப் பெண்கள் விடியுமுன் அடுப்பு மூட்டிச் சமையலை முடித்து, பொழுது புலரும் வேளையில் வயலில் இறங்குகின்றனர். பிற்பகல் வரையில் கரையேறுவதில்லை. சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் வெட்டவெளி. முன்பு வரப்போரம் புதரும் பனையும் நின்ற இடங்களிலும் இன்று மறைவு கிடையாது. ஆடவர் வரப்பில் நடந்தவண்ணம் இருப்பர். சாலையில் பேருந்து போகும். நடவு வயல்களைச் சுற்றிவரும்போது நாம் விசாரித்ததில் பல ஊர்களிலும் ஒரே விடையே கிடைத்தது. "தண்ணீர் குடித்தால் போகவேண்டி வரும், எங்கே போவது? ஆகையால் குடிப்பதில்லை." காலையில் வீட்டில் குடித்த காப்பியோடு சரி. தண்ணீர்க் குடம் வரப்பின் மேல் இருக்கிறது, நிலக்காரர் கொண்டுவந்து வைத்திருக்கிறார், அவர்மீது குற்றமில்லை. குடமிருந்தும் குடிப்பாரில்லை!

இதிலே கூலி முறைக்கும் பங்குண்டு. ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசிப் பத்துப் பதினைந்து பேர் கூட்டாக நடும்போது, ஒருத்தி அரை மணி நேரம் விலகிப்போய் மறைவு தேடுவதை மற்றவர் விரும்புவதில்லை. அவளுக்கும் மனம் வருவதில்லை. நடவு இயந்திரம் வந்த ஊர்களிலும் களை பறிப்பு, பருத்தி எடுப்பு, கடலை பறிப்பு ஆகியவற்றில் இதே நிலைதான்.

வெயிலில் வியர்வையாக வெளியேறும் நீர் ஒருபுறம். குடிக்காமல் விடும் நீர் மறுபுறம். அடக்கி வைக்கும் சிறுநீர் மூன்றாவது. இம்மூன்றும் ஒருங்கே சேர்ந்தால் நோய் வராதிருந்தால்தான் வியப்பு. நீர்க்கடுப்பு மட்டுமன்று, சிறுநீரகக் கல் உண்டாவதற்கும் நீர்க்குறைவு முக்கியமான காரணம்.

சட்டங்களைப் புரட்டிப் பார்த்தால் ஒரு செய்தி தெரியவருகிறது. ஆலைத் தொழிலாளருக்குக் கழிப்பிடம் வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் விதித்தது. தேயிலை, காப்பித் தோட்டத் தொழிலாளருக்கு வேண்டும் என்று 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் விதித்தது. கிராமத்து வேலை உறுதிக்கென வந்த 2005-ஆம் ஆண்டுச் சட்டம், வேலையிடத்தில் குடிநீரும், குழந்தைகளுக்கு நிழலும், இளைப்பாற இடைவேளையும், முதலுதவிப் பெட்டியும் இருக்கவேண்டும் என்று வகுத்தது. குடிநீர் தரச் சொன்ன அந்த வரிசையில் மறைவிடம் இடம்பெறவில்லை. குடித்த நீர் எங்கே போகும் என்பதைச் சட்டம் எழுதியோர் கேட்டிலர். சொந்த நிலத்திலும் குத்தகை நிலத்திலும் நடக்கும் நாட்கூலி வேலைக்கோ கேட்பாரே இல்லை.

ஆகவே நாம் ஒரு சிறு ஏற்பாட்டைக் கூறுகிறோம். நான்கு சவுக்குக் கம்புகள். தென்னங்கீற்றுப் படல் நான்கு. ஒரு பிளாஸ்டிக் குடமும் குவளையும். களத்து மேட்டிலோ, நீர் தேங்காத வரப்பு மூலையிலோ, கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் எட்ட, ஓர் ஆள் நுழைந்து அமரும் அளவு இடத்தைச் சுற்றி இதனை நிறுத்திவிடலாம். கட்டுவதற்கு ஒரு மணி நேரம் போதும். நடவு அடுத்த வயலுக்கு நகர்ந்தால் படலும் நகரும். கீற்று முடையத் தெரியாத ஊர் நம் பகுதியில் இல்லை. கீற்றுக்குப் பதில் பழைய தார்ப்பாய் இருந்தாலும் குறையில்லை. சிறுநீர் கழிப்பதற்கு மட்டுமே இது போதும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். மலம் கழிக்கத் தொட்டிக்குழி உள்ள கழிப்பிடமே வேண்டும்.

இதற்கு ஊராட்சி தீர்மானம் வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். தனியார் வயலில் நிலக்காரரே வைக்கலாம். கதிர் அறுக்க, நாற்றுப் பறிக்க ஆள் கிடைக்காத இக்காலத்தில், படல் வைத்த வயலுக்கு ஆள் முந்தி வருவர் என்பது நம் எண்ணம். பொது வேலை நடக்கும் ஏரிக்கரையிலும் வாய்க்காலிலும் ஊராட்சியே வைக்கவேண்டும். ஊருக்கு மூன்று நான்கு படல் தொகுதிகளை முடைந்து ஊராட்சிக் கட்டிடத்தில் வைத்திருந்து கேட்போருக்குக் கொடுத்து வாங்குவது இன்னும் நன்று. மருந்து தெளிக்கும் விசைத்தெளிப்பானை வாடகைக்குக் கொடுக்கும் ஊர்களுக்கு இது புதிய காரியமன்று.

ஊருக்குள் உள்ள நிலையையும் பார்ப்போம். 2001-ஆம் ஆண்டு முதற்கொண்டு நம் மாநிலத்து ஊராட்சிகளில் மகளிர் சுகாதார வளாகங்கள் கட்டப்பட்டன. 2014-க்குப் பின் வீடுதோறும் கழிப்பிடங்கள் எழும்பின. கட்டிடத்துக்குக் குறைவில்லை. பூட்டுக்கும் குறைவில்லை என்பதே வருத்தம். மோட்டார் பழுது, மேல்நிலைத் தொட்டிக்குக் குழாய் இணைப்பு இல்லை, சுத்தம் செய்ய ஆள் இல்லை என்று காரணங்கள் அடுக்கப்படுகின்றன. குடிநீர் மோட்டார் கெட்டால் மறுநாளே ஊர் திரண்டு வருகிறது. வளாகத்து மோட்டார் கெட்டால் ஆறு மாதம் எவரும் வருவதில்லை. ஏனெனில் அதனைப் பயன்படுத்துவோர் கூட்டத்தில் எழுந்து பேசுவதில்லை. பெண் உறுப்பினர்கள் கூட்டக் குறிப்பேட்டில் இதனை ஒவ்வொரு மாதமும் ஒரு பொருளாகச் சேர்க்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். வீட்டுக் கழிப்பிடத்தை விறகு அடுக்கும் அறையாக்கியவர்கள் விறகை வெளியே அடுக்கலாம்.

பள்ளிக்கூடத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். சிறுவர்க்கும் சிறுமியர்க்கும் தனித்தனிக் கழிப்பிடம் என்பது 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்திலேயே உள்ளது. எல்லாப் பள்ளிகளிலும் அவ்வசதி செய்யப்படவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் ஆணையிட்டது. ஆனால் கழிப்பிடம் நாறினால் சிறுமியர் காலை முதல் மாலை வரை அடக்கிவைத்து வீட்டுக்கு வந்தே கழிக்கின்றனர். அதற்காகவே பள்ளியில் நீர் அருந்துவதுமில்லை. நடவு வயலின் பாடத்தை நம் மகள்கள் எட்டு வயதிலேயே படித்துவிடுகின்றனர். உறுப்பினர் ஒருவர் வாரத்தில் ஒரு நாள் முன்னறிவிப்பின்றிப் பள்ளிக் கழிப்பிடத்தின் கதவைத் திறந்து, குழாயில் நீர் வருகிறதா, உள்தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தால் போதும். மற்றவை தானே சீர்ப்படும்.

இனி, வீட்டில் ஒவ்வொருவரும் கைக்கொள்ளவேண்டிய பழக்கங்களைக் கூறுவோம்.

நீர் எவ்வளவு பருகுவது என்பதற்கு அளவுப் பாத்திரம் வேண்டியதில்லை. சிறுநீரின் நிறமே அளவுகோல். வெளிறிய வைக்கோல் நிறமாயிருந்தால் போதிய நீர் உள்ளே போயிருக்கிறது. மஞ்சள் அடர்ந்து கடுகெண்ணெய் நிறமாக இருந்தால் போதவில்லை. வெயிலில் வேலை செய்வோர் தாகம் எடுக்கட்டும் என்று காத்திராமல் அவ்வப்போது ஒரு குவளை குடித்துவரவேண்டும். நீராகாரம், மோர், இளநீர், பார்லிக் கஞ்சி யாவும் நீர்தான், நல்லவைதான். இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு மட்டும் டாக்டர் சொன்ன அளவே அளவு.

பகலில் மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை, உந்துதல் பெரிதாக இல்லாவிடினும், சிறுநீர் கழித்தல் நலம். அவசரப்படாமல் நன்கு குந்தியமர்ந்து முழுவதும் கழியவிடவேண்டும். எவரேனும் வருவாரோ என்ற அச்சத்தில் பாதி குந்தியும் பாதி நின்றும் எழுந்துவிடுவதால் பையில் மிச்சம் தங்குகிறது. தங்கிய மிச்சத்திலே கிருமி பெருகுகிறது. உறங்கப் போகுமுன் ஒரு முறையும், கணவன் மனைவி கூடிய பின்னர்ச் சற்று நேரத்துக்குள் ஒரு முறையும் கழித்துவிடுவது நன்மை தரும். மணமான புதிதில் பெண்கள் பலருக்கு நீர்க்கடுப்பு வருவதுண்டு. அது வெட்கப்படவேண்டிய நோயன்று. தாய்மார்கள் பெண்ணுக்குச் சீர்வரிசையோடு இந்தச் செய்தியையும் சொல்லி அனுப்பலாம்.

மலம் கழித்தபின் கழுவும்போது கை முன்னிருந்து பின்னாகச் செல்லவேண்டுமேயன்றிப் பின்னிருந்து முன்னாக வரலாகாது. கிருமி எங்கிருந்து எங்கே போகிறது என்பதை முன்பே கூறினோம். பெண் குழந்தைகளுக்குக் கழுவிவிடும் தாய்மாரும் பாட்டிமாரும் இதனைக் கவனிக்கவேண்டும். மூன்று வயதில் பழகிய கை முதுமை வரையில் அதையே செய்யும். கழுவியபின் சோப்புப் போட்டுக் கை கழுவவேண்டும் என்பதை அனைவரும் அறிவர். ஆனால் அந்த உறுப்பின் உட்புறத்தைச் சோப்பாலோ கிருமிநாசினி மருந்தாலோ கழுவுவது தவறு. அங்கே நமக்குக் காவலாயிருக்கும் நல்ல நுண்ணுயிர்கள் அழிந்துபோகும். வெளிப்புறத்துக்குச் சுத்தமான தண்ணீரே போதும்.

மாதவிடாய்க் காலத்தில் துணியையோ பஞ்சணையையோ நாலைந்து மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றவேண்டும். துணியானால் துவைத்து வெயிலில் காயவைக்கவேண்டும். சேலைக்கு அடியில் மறைத்து, கொல்லைப்புற இருட்டில் உலர்த்துவது நம் வழக்கமாக இருந்துவருகிறது. ஈரம் போகாத துணி கிருமிக்குத் தொட்டில். அவ்வாறே நடவிலிருந்து வந்தவுடன் சேற்று நீரில் ஊறிய உடையை மாற்றிவிட்டு அடுப்பங்கரைக்குப் போகலாம். அரை நாழிகையில் சோறு கெட்டுவிடாது.

மலச்சிக்கலும் இந்நோய்க்குத் துணை. குடல் நிறைந்து சிறுநீர்ப்பையை அழுத்துவதால் பை முழுவதும் காலியாவதில்லை. குழந்தைகளிடத்தில் இது மிகுதி. கீரை, வாழைத்தண்டு, பழம் ஆகியவை நம் கொல்லையிலேயே உள்ளன.

சிலர் மற்றவரினும் விழிப்பாயிருக்கவேண்டும். கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 2 முதல் 10 பேர் வரை, எரிச்சலோ வலியோ இல்லாமலே சிறுநீரில் கிருமி உடையவராக இருக்கின்றனர். கவனிக்காவிடில் அது சிறுநீரகத்துக்கு ஏறிக் கடுங்காய்ச்சலை உண்டாக்கலாம். குறைமாதப் பிரசவத்துக்கும் எடை குறைந்த குழந்தைக்கும் வழிவகுக்கலாம். ஆகையால் "எனக்கு ஒன்றுமில்லையே" என்று சொல்லிச் சிறுநீர்ப் பரிசோதனையைத் தட்டிக்கழிக்கலாகாது. கருவுற்ற முதல் மாதங்களிலேயே ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதனைச் செய்துகொள்ளவேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் தொற்று எளிதில் வரும். வந்தால் கடுமையாகவும் இருக்கும். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தால் வீட்டு வாயிலுக்கே வந்து சர்க்கரை பார்க்கும் வழக்கம் ஏற்பட்டது. பார்த்த அளவை எழுதிவைத்துவிட்டு மாத்திரையை மறந்துவிடுவோர் பலர். மாதவிடாய் நின்ற மூதாட்டிகளுக்கும் இந்நோய் அடிக்கடி வரும்; அதற்கு மருத்துவம் உண்டு.

பச்சிளங் குழந்தைக்குச் சளியில்லை, இருமலில்லை, பேதியில்லை. ஆயினும் காய்ச்சல் காய்கிறதென்றால் சிறுநீரைப் பரிசோதிக்கச் சொல்லிக் கேட்கவேண்டும். சிறு வயதில் கவனியாமல் விட்ட தொற்று சிறுநீரகத்தில் தழும்பை உண்டாக்கிவிடக்கூடும்.

ஆடவர்களே, இதுவரை பெண்களுக்கென்று கேட்டிருந்தீர்கள். ஐம்பது அறுபது வயதைத் தாண்டியவர்களுக்குச் சிறுநீர் தடைப்பட்டுத் தடைப்பட்டு வருவதும், இரவில் மும்முறை நான்கு முறை எழவேண்டியிருப்பதும், முடித்தபின்னும் சொட்டுவதும் பெரும்பாலும் புராஸ்டேட் சுரப்பியின் வீக்கத்தால். "வயதானால் அப்படித்தான்" என்று விட்டுவிடுவதால் பையில் நீர் தேங்கித் தொற்று உண்டாகிறது. ஆணுக்கு நீர்க்கடுப்பு வந்தால் அதற்கு அடிப்படையில் வேறொரு காரணம் இருக்கும் என்றே டாக்டர்கள் தேடுவர். வலியே இல்லாமல் சிறுநீரில் இரத்தம் போனால், முக்கியமாகப் பீடி சுருட்டுப் பிடிப்பவர்கள், ஒரு நாளும் தாமதிக்கலாகாது; அது சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறியாகவும் இருக்கலாம்.

நோய் வந்தபின் செய்யவேண்டியது பற்றி நம் அதிருப்தியை மறைக்க விரும்பவில்லை. மருந்துக் கடைக்காரரிடம் "நீர்க்கடுப்பு" என்று சொல்லி இரண்டு மாத்திரை வாங்கி விழுங்குவது இன்று எங்கும் பரவிவிட்டது. எரிச்சல் அடங்கியவுடன் மீதியை விளக்கு மாடத்தில் வைத்து, அடுத்த முறை நாத்தனாருக்குக் கொடுப்பதும் உண்டு. அரைகுறையாக அடிபட்ட கிருமிகளுள் வலியவை பிழைத்துப் பெருகுகின்றன. பூச்சிமருந்துக்குப் புழு பழகிப்போவதைப் பருத்திக் காட்டில் கண்ட உழவர்களுக்கு இது புரியாத விஷயமன்று. முன்பு சாதாரண மாத்திரைக்கு அடங்கிய ஈ. கோலைக் கிருமி பல இடங்களில் இன்று அடங்குவதில்லை. படுக்கையில் கிடத்தி ஊசி போடவேண்டியதாகிறது. இதில் கால்நடைக்கும் பங்குண்டு. கோழிகள் விரைந்து வளர்வதற்காகத் தீவனத்தில் கலந்துவந்த கொலிஸ்டின் என்னும் மருந்து, மனிதர்க்குக் கடைசிக் கட்டத்தில் உயிர்காக்கும் மருந்தாகும். உணவுக்கென வளர்க்கும் பிராணிகளுக்கு அதனைப் பயன்படுத்துவதை மத்திய அரசாங்கம் 2019 ஜூலையில் தடைசெய்தது. கோழிப்பண்ணை வைத்திருப்போர் தீவன மூட்டையின் மேல் எழுதியிருப்பதைப் படித்துப் பார்க்கவேண்டும்.

டாக்டர் எத்தனை நாள் சொன்னாரோ அத்தனை நாளும், எரிச்சல் நின்றுவிட்டாலும், மருந்தை முடிக்கவேண்டும். அடிக்கடி வருமாயின் சிறுநீரைப் பரிசோதனைக்குக் கொடுத்து எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று அறிந்தே உண்ணவேண்டும். குளிர்நடுக்கத்துடன் காய்ச்சல், விலாவுக்குக் கீழ் முதுகில் வலி, வாந்தி ஆகியவை கண்டால் நோய் சிறுநீரகத்தை எட்டிவிட்டது என்று கொண்டு, அன்றிரவே ஆனாலும் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். விடியட்டும், நடவு முடியட்டும் என்று காத்திருக்கலாகாது. கிருமி இரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து. கர்ப்பிணியானால் எரிச்சல் ஒன்றே போதும், உடனே போகவேண்டும்.

படல் பற்றி ஒரு சொல். இக்கூட்டம் முடிந்ததும் வெளித் திண்ணையில் ஒரு மாதிரிப் படலைக் கட்டி நிறுத்தியிருக்கிறோம்; கம்பின் உயரம், வாயில் வைக்கும் பக்கம், குடம் வைக்கும் இடம் ஆகியவற்றை நேரில் பார்த்துக்கொள்ளலாம். நடவுக்கு முன் எத்தனை தொகுதி தேவை என்பதை ஊர்ப் பெயருடன் எழுத்தரிடம் குறித்துவிட்டுச் செல்லுங்கள். தாய்மார்களுக்குத் தனியே கேட்கவேண்டியவை இருக்கும். அதற்காகக் கிராம சுகாதாரச் செவிலியர் பின்பக்கத்து அறையில் பிற்பகல் 3 மணி வரையில் இருப்பார். அங்கே ஆடவர் செல்லவேண்டாம். குடிநீர் அந்த அறையிலேயே வைத்திருக்கிறோம். கழிப்பிடம் அதற்கு அடுத்த கதவு, தண்ணீர் வருகிறது.